சிவப்பு ஃபியஸ்டாவும் இரண்டு பட்டியல்களும்

பழைய கார் வாங்குவதில் என்ன அரசியல் இருக்கப் போகிறது என்று கேட்கும் தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் இருவர், கணவனும் மனைவியும். களக்காடு, நாங்குநேரி பகுதிக் கிராமங்களில் வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு நிற்பது எங்கள் வேலை. ஒரு நாள் பாளையங்கோட்டை நீதிமன்றம், மறுநாள் ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, சில மாதங்களுக்கு ஒருமுறை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. எல்லாவற்றுக்கும் ஒரு பைக்கும் பஸ்ஸும்தான். சாட்சி சொல்ல வந்த ஓர் அம்மாவை, எதிர்த்தரப்பு ஆட்கள் ஏறியிருந்த அதே பஸ்ஸில் கூட்டிப்போக வேண்டிய நிலை வந்தது. வழி முழுக்க அவர் தலை நிமிரவில்லை. அதன் பிறகுதான் கார் வாங்குவது என்று முடிவு செய்தோம். சேமிப்பும் நகைக்கடனும் சேர்த்துக் கையில் மூன்றேகால் லட்சம் ரூபாய் இருந்தது.

வேலைக்குத்தான் என்றால் சின்னதாக ஒரு கார் போதாதா? போதும். ஆனால் எங்களுக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். எங்களில் ஒருவர் எம்.ஏ. சமூகவியல் படித்த நாட்களில் டாக்சி ஓட்டிச் செலவைச் சமாளித்தவர். மற்றவர் லைசென்ஸ் எடுத்த வாரமே திருக்குறுங்குடி ரோட்டில் தனியாக ஓட்டிப்போய் வந்தவர். நான்குவழிச் சாலையில் தயங்காமல் முந்துகிற, வளைவில் நம்பித் திருப்பக்கூடிய, நான்கு பேரும் கேஸ் கட்டுகளும் ஏறுகிற ஒரு செடான் வேண்டும் என்று ஆசைப்பட்டோம். தேடியதில் இரண்டு வண்டிகள் நின்றன.

ஒன்று ஹோண்டா சிட்டி, 2012 மாடல், வெள்ளி நிறம், 3,10,000 ரூபாய். 1.5 லிட்டர் ஐ-விடெக் இன்ஜின், 118 குதிரைத்திறன். இன்னொன்று ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 எஸ், 2010 கடைசியில் பதிவானது, சிவப்பு, 1,65,000 ரூபாய். அதன் குதிரைத்திறன் ஏறத்தாழ 101. காகிதத்தில் பார்த்தால் சிட்டிதான் வேகமான வண்டி. ஓட்டிப் பார்த்தால் கதை வேறு. சிட்டி வெண்ணெய் மாதிரி போகிறது. கியரும் ஸ்டியரிங்கும் விரலுக்கு அடங்குகின்றன. ஃபியஸ்டாவின் ஸ்டியரிங் கொஞ்சம் கனம். ஆனால் ரோட்டில் கிடக்கும் சிறு கல்கூடக் கைக்குத் தெரிகிறது. வளைவில் வண்டி சாயாமல் ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்புகிறது. இறங்கும்போது இருவருமே சிரித்துக்கொண்டிருந்தோம்.

வீட்டில் முதலில் கேட்டது மாமாவை. எங்களில் ஒருவருக்கு மாமா, மற்றவருக்கு அப்பா. முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "மாப்ள, சிட்டிய எடுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா சாவியப் போட்டதும் ஸ்டார்ட் ஆவணும். ரசிக்கதுக்கா வண்டி?" என்றார்.

அடுத்த வீட்டுச் சித்தி சொன்னது வேறு. "ஏட்டி, செவப்பு வண்டியா? அந்தச் சத்தத்தோட முக்குல திரும்புனா ஊரே பாக்கும்லா. வெள்ளிக் கலருன்னா வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது."

இன்னும் பத்துப் பேரிடம் கேட்டிருப்போம். பெரும்பாலோர் சிட்டி என்றே சொன்னார்கள். 'அதுதான் புத்திசாலித்தனம்' என்ற ஒரே சொல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு காரணங்கள் இருந்தன. ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பட்டியல் எழுதினோம். இடப்பக்கம் வண்டி சொல்லும் காரணங்கள். வலப்பக்கம் தெரு சொல்லும் காரணங்கள்.

இடப்பக்கம் இப்படி வந்தது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் ஆலையும் மூடப்பட்டது. உதிரிபாகம் எத்தனை ஆண்டு எளிதாகக் கிடைக்கும் என்று யோசிக்க வேண்டும். ஃபியஸ்டாவின் இன்ஜினில் டைமிங் பெல்ட்; குறித்த காலத்தில் மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும், செலவும் பெரிது. சிட்டியில் செயின், அந்தக் கவலை குறைவு. நாங்கள் ஓட்டிப் பார்த்ததில் ஃபியஸ்டா லிட்டருக்கு 11, சிட்டி 14. ஃபியஸ்டாவுக்கு 15 ஆண்டு முடியப் போகிறது. தகுதிச் சான்று வாங்கிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. இப்போது பங்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. ஃபியஸ்டா அதற்காகச் செய்யப்பட்ட வண்டி அல்ல, ரப்பர் குழாய்களைக் கவனிக்க வேண்டும்.

வலப்பக்கம்: சிவப்பு கண்ணை உறுத்தும். சத்தம் கேட்கும். ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்ப்பார்கள். 'என்.ஜி.ஓ. பணத்தில் ஆடுகிறார்கள்' என்று பேச்சு வரும். நாளைக்கு ஒரு வழக்கில் நாம் போய் நின்றால் முதலில் உடைவது கண்ணாடியாக இருக்கும்.

இந்த வலப்பக்கப் பட்டியலைக் கற்பனை என்று யாராலும் ஒதுக்க முடியாது. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் தலித் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. நீ எப்படி புல்லட் ஓட்டலாம் என்பதுதான் காரணம் என்பது அந்தக் குடும்பத்தின் புகார். வன்கொடுமை தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, தலித்துகளும் பழங்குடியினரும் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பும் புத்தாடையும் அணிவதை, திருமண ஊர்வலத்தில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ ஏறுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லி எழுத வேண்டியிருந்தது. நாடாளுமன்றம் உட்கார்ந்து 'சைக்கிள்' என்ற சொல்லைக் குற்றச் சட்டத்தில் சேர்க்கிறது என்றால், சித்தியின் பயத்துக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

வண்டியில் ஏறுவதும் ஏற மறுப்பதும் இங்கே எப்போதும் சாதிப் பிரச்சினைதான். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் மறுத்தார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்களையே அரசு நீக்கியது. அந்த ஆண்டு பணியில் இருந்த மாமாவுக்கு இதை நாங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வெள்ளிக் கார்தானே பாதுகாப்பு? அங்கேதான் நாங்கள் நின்று யோசித்தோம்.

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது எதை உடைத்தார்கள்? டிராக்டர், லாரி, சைக்கிள், தையல் மெஷின், மின்விசிறி. பாஸ்போர்ட்டையும் படித்த பிள்ளைகளின் சான்றிதழையும் போட்டு எரித்தார்கள். எல்லாம் புத்திசாலித்தனமான பொருட்கள். பாடுபட்டு, வெளிநாடு போய், மிச்சம் பிடித்து வாங்கியவை. ஆடம்பரம் என்று ஒரு விரலைக்கூட நீட்ட முடியாது. 2023 ஆகஸ்டில் எங்கள் பக்கத்து நாங்குநேரியில் வீடு புகுந்து வெட்டப்பட்ட பள்ளி மாணவர் புல்லட் ஓட்டவில்லை. நன்றாகப் படித்தார், உடன் படித்தவர்கள் கொடுத்த துன்புறுத்தல் பள்ளியில் தெரியவந்தது. தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அடக்கமாக இருந்தால் விட்டுவிடுவார்கள் என்பது உண்மையானால் இந்த இரண்டும் நடந்திருக்கவே கூடாது. உறுத்துவது நிறமோ சத்தமோ அல்ல. நாம் எழுந்து நிற்பதுதான். அதை மறைக்கும் பெயிண்ட் எந்தக் கம்பெனியிலும் இல்லை.

இதை மாமாவிடம் சொன்னோம். அவர் சும்மா விடவில்லை. "அம்பேத்கரு குதிரவண்டிலேந்து விழுந்த கதை உங்களுக்குத் தெரியும்லா?" என்றார்.

தெரியும். 1929இல் அரசுக் குழு ஒன்றின் உறுப்பினராகப் போய்த் திரும்பும் வழியில் அண்ணல் சாலிஸ்கானில் இறங்கினார். தீண்டப்படாதவரை ஏற்றி ஓட்ட டோங்கா வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். விருந்தாளியை நடக்க வைப்பது மரியாதை இல்லை என்று மகர் மக்கள் நினைத்தார்கள். வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டத் தெரியாத தங்கள் ஆளையே ஓட்டச் சொன்னார்கள். வண்டி விபத்துக்குள்ளாகி, அண்ணல் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. தன் மரியாதையைக் காக்கப் போய்த் தன் உயிருக்கே ஆபத்து வந்ததை அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். மாமாவின் வாதம் இதுதான்: மானத்தைப் பார்த்து வண்டியைப் பார்க்காமல் விட்டால் கால் நம்முடையதுதான் உடையும்.

அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டோம். அன்று குற்றம் ஓட்ட மறுத்த சாதியினுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓட்டத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்பது இடப்பக்கப் பட்டியல் கேள்வி. சுயமரியாதை அதை அடித்துவிட முடியாது. அதேபோல் இடப்பக்கப் பட்டியலின் பெயரைச் சொல்லிக்கொண்டு வலப்பக்கப் பட்டியலை உள்ளே நுழைய விடவும் கூடாது. 'உதிரிபாகம் கிடைக்காது' என்று வாய் சொல்லும். மனம் டீக்கடையை நினைத்துக்கொண்டிருக்கும். இந்தக் கலப்புதான் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் புத்திசாலித்தனம் என்ற பெயரில் நடக்கிறது. வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது, கல்யாணத்துக்கு மேளம் எவ்வளவு நேரம் அடிப்பது, பெண்பிள்ளை எந்தக் காலேஜில் சேருவது எல்லாவற்றிலும் இந்த வலப்பக்கப் பட்டியல் இருக்கிறது. யாரும் அதைத் தாளில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

வலப்பக்கத்தை முழுதாக அடித்தோம். இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாமாவையும், ஃபியஸ்டாக்களில் பல வருடம் வேலை பார்த்த பாளையங்கோட்டை மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டோம். இரண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் 1,45,000 ரூபாய். டைமிங் பெல்ட், அதோடு மாற்ற வேண்டிய ரோலர்கள், கூலன்ட், எரிபொருள் குழாய்கள், நான்கு டயர், புது பேட்டரி, புதுப்பிப்புக் கட்டணம் எல்லாம் சேர்த்து 72,000. மீதியில் ஐம்பதாயிரத்தை உதிரிபாகத்துக்கென்று தனியாகப் போட்டு வைக்கலாம். மைலேஜில் போகும் நஷ்டத்தை மாதம் 1,200 கிலோமீட்டர் என்று வைத்துப் பார்த்தால் சுமார் 2,300 ரூபாய். அது உண்மையான செலவு, மறைக்கவில்லை. மூன்று வருடத்துக்குள் ஃபியஸ்டாவின் விலைச் சலுகை தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு சிட்டிதான் லாபம்.

லாபம் என்ற ஒரு வரிக்கு எதிரே 'ஓட்டும்போது சந்தோஷம்' என்று இன்னொரு வரி எழுதினோம். அதையும் வண்டி சொல்லும் காரணமாகவே சேர்த்தோம். மற்றவர்கள் கார் வாங்கும்போது அந்த வரி இயல்பாக இடம்பெறுகிறது. நாம் வாங்கும்போது மட்டும் எதற்கு, என்ன பயன், யாருக்கு உதவும் என்று நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. சேவை செய்பவர்களுக்கு ரசனை எதற்கு என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். விடுதலை என்பது வதை இல்லாத வாழ்வு மட்டும்தானா? பிடித்ததைப் பிடித்ததற்காகவே எடுத்துக்கொள்வதும் அதில் சேர்த்திதான்.

ஃபியஸ்டாவை எடுத்தோம். ஆர்.சி. புத்தகம், 29, 30 படிவங்கள், பழைய கடன் முடிந்ததற்கான 35ஆம் படிவம், நிலுவை அபராதம் எல்லாம் சரிபார்த்து, பெயர் மாற்றிய பிறகே முழுப் பணம் கொடுத்தோம். மாமா போனெட்டைத் திறந்து பெல்ட் மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, திரும்பும்போது சாவியை அவரே வாங்கிக்கொண்டார். நாங்குநேரி வரை ஓட்டிவிட்டு, "செகண்ட் கியர்ல நல்லா இழுக்கு" என்று மட்டும் சொன்னார்.

வலப்பக்கப் பட்டியலை அடித்ததால் ஆபத்து போய்விடவில்லை. முன்கண்ணாடியில் கேமரா வைத்திருக்கிறோம். வழக்கு தொடர்பான இரவுப் பயணங்களில் போகும் வழியையும் நேரத்தையும் இரண்டு தோழர்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறோம். காப்பீடு முழுமையானது. ஆனால் ஊர்த்தெரு முக்கில் வேகத்தைக் குறைப்பது அங்கே பள்ளிக்கூடம் இருப்பதால்தான்.

புது பைக், பழைய கார் எதுவானாலும் வாங்கப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சொல்வது இதுதான். இரண்டு பட்டியலையும் தனித்தனியே எழுதுங்கள். இடப்பக்கத்தை ஒரு வரி விடாமல் பாருங்கள். பெல்ட்டையும் பிரேக்கையும் யாருடைய கௌரவமும் சரிசெய்யாது. வலப்பக்கத்தைத் தனியாக அடிக்காதீர்கள். வீட்டையும் தெருவையும் உட்கார வைத்துப் பேசி, சேர்ந்து அடியுங்கள். நாளை ஒன்று நடந்தால் காவல் நிலைய வாசலில் கூட நிற்கப் போவது அவர்கள்தான்.

அந்தச் சாட்சி அம்மாவின் அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில். முன்சீட்டில் உட்கார்ந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெய்பீம்.