ஐப்பசி மாலையில் நான்கு மணி

மலையும் மலை சார்ந்த இடமுமான குறிஞ்சிக்குக் கூதிர்காலத்தையும் யாமப் பொழுதையும் உரியனவாக வகுத்தது தொல்காப்பியம். கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். குறிஞ்சி ஒழுக்கத்தின் தலைமக்கள் காதலர்கள். ஆகவே நள்ளிரவு அவர்களுடைய பொழுதாயிற்று. அதே மலைத்தொடரில், இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குக் கூதிர்காலத்தின் கடினமான பொழுது நள்ளிரவன்று. மாலை நான்கு மணி. அங்கே சிறு குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதே காரணம்.

இதை விளங்கிக்கொள்ள முதலில் மழையின் இயல்பை அறிய வேண்டும். ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவமழை நேரம் பார்ப்பதில்லை. நாள் முழுதும் பெய்யும். மலையாளிகள் துலாவர்ஷம் என்று அழைக்கும் ஐப்பசி மழையோ கடிகாரத்தோடு ஒத்துப்போவது. காலையில் வானம் வெளுத்திருக்கும். நண்பகலில் வெயில் உறைக்கும். பிற்பகலில் கிழக்கே கருமேகம் திரண்டு, இரண்டு மூன்று மணிக்குப் பிறகு இடியும் மின்னலுமாக இறங்கும். காலையில் கொடியில் போட்ட குழந்தைத் துணி உலர்ந்திருக்கும் நேரமும், அதை ஓடிச் சென்று எடுக்க வேண்டிய நேரமும், பள்ளி விடும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கும். அந்த நேரத்தில் தாய் வீட்டில் இல்லை.

தேயிலைத் தோட்டத்தின் லயம் ஒன்றில் ஐப்பசி நாள் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். விடியுமுன் அடுப்பு மூட்டப்படும். சோறும் குழம்பும் காலையிலேயே ஆகிவிட வேண்டும். தாயின் மதிய உணவும் பள்ளிப் பிள்ளையின் காலை உணவும் ஒரே அடுப்பில் வேகின்றன. முந்தைய நாள் நனைந்த சீருடை அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் புகை வாசத்தோடு காய்ந்துகொண்டிருக்கும். எட்டு மணிக்குக் கொழுந்து எடுக்கப் போக வேண்டும். அதற்கு முன் கைக்குழந்தையைத் தோட்டத்துக் காப்பகத்தில் ஆயாவிடம் விட வேண்டும். பெரிய பிள்ளையின் தலையை வாரிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். பின்னர் இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு அட்டை ஊரும் சரிவில் ஏறினால், மாலையில் கொழுந்தை எடை போட்டு முடித்து இறங்குவதற்கு ஐந்து மணி கடந்துவிடும்.

காப்பகம் ஒருவருடைய கருணையால் வந்ததன்று, சட்டத்தால் வந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திலும், பெண் தொழிலாளர்களின் குழந்தைகள் 20 பேர் இருக்கும் தோட்டத்திலும், ஆறு வயதுக்குட்பட்டோருக்குக் காப்பகம் அமைக்கும் கடமையை முதலாளி மீது வைத்தது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளுக்கு இருமுறை பாலூட்ட இடைவேளை தந்தது. தோட்டப்புறத்துப் பெண் சுமந்த இருமடங்கு பாரத்தில் ஒரு பகுதியையேனும் இந்தச் சட்டங்கள் ஒப்புக்கொண்டன. ஆயினும் கொழுந்து எடுக்கும் சரிவு எங்கே இருக்கிறது, காப்பகம் எங்கே இருக்கிறது என்பதை எந்தச் சட்டமும் அளந்து பார்க்கவில்லை. தொலைவான சரிவில் வேலை விழும் நாளில் பாலூட்டும் இடைவேளை நடப்பதிலேயே கரைந்துவிடும்.

ஆறு வயது நிறைந்ததும் குழந்தை காப்பகத்தின் கணக்கிலிருந்து நீங்கிப் பள்ளியின் கணக்குக்கு வந்துவிடுகிறது. பள்ளியோ மூன்றரைக்கும் நான்குக்கும் இடையில் மணியடித்துவிடுகிறது. அதன் பிறகு தாய் இறங்கி வரும் வரை அந்தக் குழந்தை எவருடைய கணக்கிலும் இல்லை. ஐப்பசி மழை சரியாக இந்த இடைவெளியில்தான் வந்து விழுகிறது.

அந்த இடைவெளியை இதுகாறும் நிரப்பி வந்தவர்கள் இருவர். ஒருவர் அக்கா. பத்து, பதினொரு வயதுப் பெண். பள்ளியிலிருந்து தம்பியைக் கைப்பிடித்து அழைத்து வருகிறாள். கொடியில் கிடக்கும் துணியை எடுக்கிறாள். காப்பகத்திலிருந்து கடைக்குட்டியை இடுப்பில் தூக்கி வருகிறாள். இடி இடிக்கையில் இருவரையும் கம்பளிக்குள் இழுத்து வைத்துக் கதை சொல்கிறாள். அடுப்பில் காப்பித் தண்ணீரும் வைத்துவிடுகிறாள். வீட்டுப்பாடம் இதற்கெல்லாம் பிறகு. இதை வேலை என்று எவரும் பெயரிடுவதில்லை. ‘பொறுப்பான பிள்ளை’ என்று பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டுக்குள் அவளுடைய மாலைப்பொழுது முழுதும் அடங்கிப்போகிறது. அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தால் அவன் அந்த நேரத்தில் பந்து விளையாடுகிறான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொருவர் ஆச்சி. ஒரு காலத்தில் அதே சரிவில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர். குழந்தைக்குச் சளி பிடித்தால் கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து தருபவர். மேகத்தைப் பார்த்தே மழை எத்தனை நேரம் நிற்கும் என்று சொல்பவர். ஆனால் ஆச்சி அந்த வீட்டில் இருப்பது வீட்டில் எவரேனும் தோட்டத்து வேலையில் இருக்கும் வரைதான். லயத்து வீடு உழைப்போடு பிணைக்கப்பட்ட வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. மகனோ மருமகளோ தொடர்ந்து கொழுந்து எடுத்தால் கூரை நிலைக்கும்; இல்லையேல் ஆச்சி எப்போதோ விட்டு வந்த சமவெளி ஊருக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைகள் வேறு வேலைக்குப் படித்து முன்னேறுவது குடும்பத்தின் கனவு. அந்தக் கனவு பலிக்கும் நாளில் வீடு கைநழுவுகிறது. இந்த முரணை வேலைவாய்ப்பு என்ற ஒரே சொல்லில் கடந்துபோக இயலாது.

அந்த வீடுகளும் எத்தகையவை என்பதை 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு உலகம் கண்டது. இராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களை மூடியது. குழந்தைகள் உட்பட எழுபது பேர் மாண்டார்கள். அவர்களுள் பலருடைய பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். அந்த ஆடி இரவுக்குப் பிறகு மலைமேல் தொடர்மழை என்பது குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் விழித்திருக்கும் நேரமும் ஆயிற்று.

தேயிலையை விட்டு ஏலத்துக்கு வந்தால் இடைவெளி காலையில் தொடங்குகிறது. ஏலக்காய் எடுப்பு ஆவணியில் தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் மும்முரமாகும். உடும்பன்சோலைப் பகுதி ஏலத்தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்துப் பெண்கள் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக நாள்தோறும் ஜீப்பில் ஏறி வருகிறார்கள். விடியும் முன் கிளம்பினால்தான் வேலை நேரத்துக்கு மலைமேல் இருக்க முடியும். ஆகவே அவர்களுடைய குழந்தை தாயைப் பார்க்காமலே எழுகிறது. பெரும்பாலும் அம்மாயியின் கையால் உண்டு பள்ளி போகிறது. மாலையில் தாய் ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவள் சேலையில் ஏலத்தின் மணம் இருக்கும். மாநில எல்லை என்பது நிலப்படத்தில் ஒரு கோடு. அந்தக் குழந்தைக்கு அது அம்மாவை ஒரு பகல் முழுதும் தன் பக்கம் வைத்துக்கொள்ளும் மலை.

பாலக்காட்டின் கிழக்கு எல்லையில் நிலமும் மழையும் வேறு; நான்கு மணி மட்டும் அதேதான். சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பகுதிகளில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைந்துள்ளன. பாலக்காட்டு மாவட்டத்துக்குள் மழை குறைந்த நிலம் இது. புரட்டாசியில் முதற்போக அறுவடை முடிந்து ஐப்பசியில் இரண்டாம் போகத்துக்கு நாற்று நடப்படுகிறது. நடவு வேலை பெண்களுடையது. சேறு இருக்கும்போதே நட்டு முடிக்க வேண்டிய வேலை. கேரளத்து அங்கன்வாடி காலை ஒன்பதரை முதல் மாலை மூன்றரை வரை. அங்கே குழந்தைக்குக் கஞ்சி உண்டு, பாட்டு உண்டு. மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் குடும்பஸ்ரீ பெண்கள் தயாரிக்கும் அமிர்தம் சத்துமாவும் வீட்டுக்கு வருகிறது. எல்லைக்கு இருபுறமும் அரசுகள் குழந்தையின் வயிற்றைப் பற்றிச் சிந்தித்திருக்கின்றன என்பதைத் தயங்காமல் பாராட்டலாம். மூன்றரை மணிக்கு நாற்றங்காலிலிருந்து யார் கையைக் கழுவிக்கொண்டு வருவது என்பது மட்டுமே சிந்திக்கப்படாமல் நிற்கிறது.

பள்ளி நாட்காட்டியும் இப்பருவத்தில் இக்குடும்பங்களை இரண்டாகப் பிரிக்கிறது. கேரளப் பள்ளிகளுக்கு ஓணத்தையொட்டிப் பத்து நாள் அளவுக்கு விடுமுறை. தீபாவளிக்கு ஒரே நாள். தமிழகத்துப் பிள்ளைகளுக்குக் காலாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. அத்தை பிள்ளைகளும் மாமன் பிள்ளைகளும் ஒருவரையொருவர் காணும் நாள் அரிதாகிறது. ஓணத்துக்குப் பள்ளியில் பூக்களம் போட்ட குழந்தை, தீபாவளிக்கு மறுநாள் கையில் மத்தாப்பின் கருமையோடு வகுப்பில் அமர்ந்திருக்கும். இரு பண்டிகைகளும் தனதே என்று நினைக்கும் வயது அது. அந்த வயதில் அது சரியான எண்ணமும்கூட.

பண்டிகை என்றால் செலவு. செலவு என்றால் போனஸ். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், கணக்காண்டு முடிந்த எட்டு மாதங்களுக்குள் போனஸ் தரச் சொன்னது. மார்ச்சில் கணக்கை முடிக்கும் நிறுவனம் நவம்பருக்குள் தந்தாக வேண்டும். ஆக, ஓணத்துக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட இப்பருவமே தோட்டத்துக் குடும்பம் ஆண்டில் ஒருமுறை மொத்தமாகப் பணம் காணும் காலம். சட்டத்தின் கீழ்வரம்பு 8.33 விழுக்காடு, கணக்கில் எடுக்கப்படும் ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. மேல்வரம்பு 20 விழுக்காடு. ஏறத்தாழ இரண்டரை மாதக் கூலி. குழந்தையின் கம்பளிச் சட்டை, தீபாவளித் துணி, மழைக்கால மருத்துவச் செலவு, சங்கக் கடனின் தவணை எல்லாம் இந்த இரு எண்களுக்கு இடையில் எங்கோ நிற்கின்றன.

2015இல் மூணாற்றில் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் 10 விழுக்காடு போனஸ் அறிவித்தது. முந்தைய ஆண்டு 19 விழுக்காடு. ஓணம் முடிந்துவிட்டது, தீபாவளி நவம்பர் 10. செப்டம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் தெருவில் அமர்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி நிறுத்தினார்கள். தமிழும் மலையாளமும் கலந்த ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அங்கே பிறந்தது. ஒன்பது நாளுக்குப் பின், செப்டம்பர் 13இல், 8.33 விழுக்காடு போனஸும் 11.67 விழுக்காடு கருணைத்தொகையுமாக 20 விழுக்காடு தர நிறுவனம் இசைந்தது. இந்தப் போராட்டத்தைத் தொழிற்சங்க வரலாறாகவும் பெண்ணிய வரலாறாகவும் பலர் எழுதிவிட்டனர், இரண்டும் பொருத்தமே. அது குழந்தை வளர்ப்பின் வரலாறும் ஆகும். 10 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இடையே விடுபட்டிருந்தது ஒரு மாதத்துக்கும் மேற்பட்ட கூலி. அந்த ஐப்பசியைக் குழந்தைகளோடு கடக்க வேண்டியிருந்தவர்கள் அந்தப் பெண்களே.

அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் தேயிலைத் தொழிலாளரின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அதோடு நாளொன்றுக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்ந்தது. கூலி பேசப்பட்ட மேசையில் நேரம் பேசப்படவில்லை. கூடுதல் நான்கு கிலோவுக்குத் தேவைப்படும் நேரம் ஏதேனும் ஒரு பொழுதிலிருந்துதான் வர வேண்டும்.

இன்று லயங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் பெருகுகின்றன. தமிழ்க் குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த அண்டை வீட்டு அத்தையும் ஆச்சியும் இவர்களுக்கு இல்லை. நான்கு மணி இவர்களிடம் இன்னும் வெறுமையானது. தோட்டச் சட்டத்தையும் உள்ளடக்கி 2020இல் நாடாளுமன்றம் இயற்றிய தொகுப்புச் சட்டமும் காப்பகத்துக்கு ஆறு வயதையே எல்லையாக வைத்திருக்கிறது. எல்லையைப் பன்னிரண்டு வயதுக்கு நகர்த்துவதும், கடைசிக் கொழுந்தின் எடை முடியும் வரை காப்பகக் கதவைத் திறந்து வைப்பதும், அங்கே ஒரு விளக்கையும் ஒரு குவளைப் பாலையும் ஓர் ஆயாவையும் கூட்டுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. அவை நடந்தால் முதற்பயன் கடைக்குட்டிக்கன்று, அக்காவுக்கு. மழை கொட்டும் மாலையில் அந்தப் பத்து வயதுப் பெண் தன் பாடப்புத்தகத்தை ஐந்து மணிக்கே திறக்கலாம். அல்லது மற்றப் பிள்ளைகளைப் போல ஒன்றும் செய்யாமல் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.