மடியிற் கிடந்த திரை

மடிக்கணினி வாங்குவோர் பெரும்பாலும் திரையின் ஒளியிலே மயங்குவர். அதனைத் தாங்கும் பிணைச்சலை நோக்குவோர் சிலரே. நாட்டார் பாடல் தேடி மட்டக்களப்புக் கிராமங்களுக்குச் செல்லும் ஆய்வு மாணவி ஒருத்திக்கோ பிணைச்சலே முதன்மையாயிற்று. பழைய கணினியின் திரை, பாடும் மூதாட்டிக்கும் அவளுக்கும் இடையே மதில்போல் நின்றது. முகம் மறைந்ததும் பாட்டும் தயங்கியது.

2012இல் லெனோவோ யோகா அறிமுகமானபின், 360 பாகை மடியும் தொடுதிரைக் கணினிகள் பெருகின. அவற்றுள் பல 1.5 கிலோகிராமை அண்மிப்பவை. கையில் நெடுநேரம் ஏந்தற்கு உரியவையல்ல. 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டவளாதலின், மின்கலம் தாங்கும் நேரத்தையும் வினவியே ஈராண்டுச் சேமிப்பைக் கொடுத்தாள்.

இன்று திரை அவள் மடியில் ஏடுபோற் கிடக்கிறது. எழுதுகோல் அதன்மேல் ஊர்கிறது. மூதாட்டி அவள் முகம் பார்த்துப் பாடுகிறார்.