பேப்பரில் ஏதும் போட்டிருக்கோ?

வில்லியனூர், ஜனவரி 29, 2025

டீக்கடையிலிருந்து திரும்பும்போது, வாசல் தெளித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "பேப்பரில ஏதும் போட்டிருக்கோ தம்பி?" 1990-இல் படகேறி வந்து, கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் வளர்ந்து, கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்தவர். வன்னிப் பேச்சு இன்னும் மாறவில்லை.

"இல்லக்கா" என்றேன். நான் புரட்டிய பேப்பரில் முத்துக்குமாரைப் பற்றி ஒரு வரி இல்லை. 2009-இல் இதே நாள், ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி, சென்னை சாஸ்திரி பவன் முன்னால் தீக்குளித்தவர். பத்திரிகையில் வேலை பார்த்தவர். சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டுதான் போனார். அந்த வழியை என்னால் ஏற்க முடியாது. அவர் இருந்து எழுதியிருக்க வேண்டும். ஆனால், எழுதத் தெரிந்தவனுக்கே எழுத்து போதாமல் போனதே!

பிப்ரவரி 20

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பு, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் உட்கார்ந்து இன்றோடு எட்டு ஆண்டு. ராணுவத்திடம் தங்கள் கையாலேயே பிள்ளைகளை ஒப்படைத்தவர்கள் அவர்களில் உண்டு. பதில் கிடைக்காமலே கண்மூடிய தாய்மாரும் பலர்.

செய்தி என்றால் புதிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்கிறார்கள். காத்திருப்பில் புதிதாக என்ன நடக்கும்? நேற்று உட்கார்ந்த இடத்தில் இன்றும் உட்காருகிறார்கள். கையில் அதே படம். போர் முடிந்த பிறகும் முடியாமல் கிடப்பது இதுதான். இதைச் செய்தியில்லை என்று ஒதுக்கினால், போரில் பாதியை மறைத்ததாகிவிடும்.

ஏப்ரல் 6

2009-இல் இதே நாள் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் கூடினார்கள். 73 நாள் கலையவில்லை. அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே ஐ.நா. பணியாளர்களை வன்னியைவிட்டு வெளியேறச் சொல்லியிருந்தது இலங்கை அரசு. செய்தியாளர்கள் சுதந்திரமாக உள்ளே போக வழியில்லை. வெளியே இருந்தவர்கள்தான் கத்த வேண்டியிருந்தது.

அங்கே 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார் பரமேஸ்வரன் சுப்பிரமணியம். அவர் ரகசியமாக பர்கர் தின்றார் என்று டெய்லி மெயில், சன் பத்திரிகைகள் எழுதின. அவர் வழக்குப் போட்டார். 2010-இல் இரண்டும் மன்னிப்புக் கேட்டு, மொத்தம் 77,500 பவுண்டு இழப்பீடு கொடுத்தன. அதற்குள் போர் முடிந்து ஓராண்டு ஓடிவிட்டது. போரை நிறுத்தச் சொன்னவரின் பசியைச் சந்தேகித்தவர்கள், போரை அத்தனை துருவிப் பார்த்தார்களா?

மே 18

அக்கா வீட்டில் கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009-இல் முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் சனங்கள் உயிரைப் பிடித்துவைத்திருந்தது இதைக் குடித்துத்தான். போன ஆண்டு சம்பூரில் இந்தக் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைக் கைது செய்தார்கள்.

அந்தக் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு. வட்டுவாகல் பாலத்தடியில் சரணடைந்த தம்பியை அந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியாது. சுவரில் அவன் படம் இருக்கிறது. பொட்டில்லை, மாலையில்லை. திவசமும் கொடுத்ததில்லை.

குடித்துவிட்டு எழுந்தபோது, அடுப்பு மேடையில் தட்டுப்போட்டு மூடிய இன்னொரு கிண்ணத்தைப் பார்த்தேன்.

"தம்பிக்குப் படைச்சதாக்கா?"

"படைக்கேல்லை. வந்தால் குடிக்கட்டும் எண்டு எடுத்து வச்சிருக்கிறன்."