இடுப்பிலிருந்து இறங்கிய பிள்ளை

நெருளில் சிட்கோ கட்டிய பழைய குடியிருப்புகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் இருக்கும் அந்த வீட்டிலிருந்து தரைக்கு 36 படிகள். தினமும் மாலை ஐந்து மணிக்கு, ஒரு வயது நான்கு மாதமான பேத்தியும் அறுபத்தெட்டு வயதான ஆச்சியும் ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். யார் யாரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வது கடினம். தரைக்கு வந்ததும் பேத்தி பத்தடி நடக்கும். பிறகு திரும்பி நின்று இரண்டு கைகளையும் உயர்த்தும். உலகத்தில் எந்த ஊரிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தூக்கு.

ஆச்சியால் தூக்க முடியாது. சென்ற மழைக்காலத்தில் முதுகுவலி என்று போனபோது படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஓர் எலும்பு நொறுங்கி அமுங்கியிருப்பதாகச் சொன்னார். இனி ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, ஒரு கைத்தடி வைத்துக்கொண்டால் நல்லது என்றார். பேத்தியின் எடை அப்போதே எட்டரை கிலோ. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரும்வரை ஆச்சி ஒன்றும் பேசவில்லை. கைத்தடி வாங்க மருந்துக்கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்ன மகனை முறைத்தார். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்பம் நான் ஊருக்குப் போயிருதேன். புள்ளையத் தூக்க முடியாதவ இங்க எதுக்கு?"

"நீங்க போனா நான் வேலைய விட வேண்டியதுதான், அத்தை" என்றாள் மருமகள். அதில் மிகை எதுவும் இல்லை. காலை எட்டு மணிக்கு இருவரும் ரயிலேறிப் போய்விட்டால் இரவு எட்டு மணிவரை அந்த வீட்டை நடத்துவது ஆச்சிதான். ஸ்ட்ரோலர் வாங்கும் பேச்சு அன்று இரவே தொடங்கியது. முடிய எட்டு மாதம் ஆயிற்று.

தடையாக இருந்தது பணம் அல்ல. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி 1970களின் கடைசியில் தாராவிக்கு வந்தவர் ஆச்சி. கணவருக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலையில் குழாயடியில் வரிசை நிற்கும்போது ஓர் இடுப்பில் குடம், மறு இடுப்பில் பிள்ளை. மூன்று பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். மகன் நெருளில் வீடு வாங்கி அழைத்து வந்த பிறகும், தாராவியில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பேத்தி ஆச்சியின் இடுப்பில்தான் போனாள். தள்ளுவண்டி என்றால் அவருக்குத் தெரிந்தது வெங்காயம் விற்கிறவனின் வண்டி. "புள்ளைய வண்டியில வச்சுத் தள்ளுறது எந்த ஊருப் பழக்கம்? இடுப்பு எதுக்கு இருக்கு?" என்பார். அந்த இடுப்புக்குத்தான் வேலை போய்விட்டது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

உண்மையில் தமிழ்ப் பிள்ளைக்கு வண்டி புதிதல்ல. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி, சிறுதேர்ப் பருவம். வீட்டு முற்றங்களில் மரத்தால் செய்த மூன்று சக்கர நடைவண்டி எத்தனையோ தலைமுறையாக ஓடியிருக்கிறது. ஆனால் சிறுதேரைப் பிள்ளை இழுக்கும், நடைவண்டியைப் பிள்ளை தள்ளும். பிள்ளை உள்ளே உட்கார்ந்திருக்க இன்னொருவர் தள்ளுவது சீமைப் பழக்கம். அங்கும் அது பிரபு வீட்டு விளையாட்டாகத்தான் தொடங்கியது. 1733இல் வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்காகச் செய்த வண்டியை இழுத்தது ஆடோ மட்டக்குதிரையோ. பிறகு அது தாதிகள் பூங்காவில் தள்ளும் கனமான பிராம் ஆயிற்று. ரயிலிலும் படியிலும் தூக்கிக்கொண்டு போகிறவர்களைப் பற்றி அதைச் செய்தவர்கள் நினைக்கவில்லை.

நினைத்தவர் ஒரு தாத்தா. ஓவன் மக்ளாரன் என்ற அந்த இங்கிலாந்துக்காரர் விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். மாஸ்கோவிலிருந்து பேத்தியுடன் விமானத்தில் வந்த மகள், கனத்த வண்டியோடு பட்ட பாட்டைப் பார்த்தார். மேலே கிளம்பியதும் காலை மடக்கி இறக்கைக்குள் வைத்துக்கொள்ளும் விமானத்தைப் பற்றித் தெரிந்தவருக்கு, குடை மாதிரி மடங்கும் வண்டி ஒன்றைச் செய்வது பெரிய விஷயமாக இல்லை. அலுமினியக் குழாய்களால் ஆன அதன் எடை மூன்று கிலோகூட இல்லை. 1965இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்று உலகமெங்கும் விமான நிலையங்களில் உருளும் குடை மடிப்பு வண்டிகளுக்கெல்லாம் அதுதான் மூத்தது.

இந்தக் கதையை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னான். "தாத்தாவா செஞ்சாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆச்சி கீரை ஆய்வதைத் தொடர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு வெங்காய வண்டிப் பேச்சு குறைந்தது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கத்தான் செய்தது. குழந்தை பிறந்தபோது மகனுடைய அலுவலக நண்பர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. பெரிய சக்கரம், மெத்தை, தொப்பி மாதிரிக் கூரை எல்லாம் உண்டு. எடை பன்னிரண்டு கிலோ. பால்கனியில் நின்று துணி காயப் போடப் பயன்பட்டது. அதை ஒரே ஒருமுறை ரயிலில் கொண்டுபோனார்கள். நெருளிலிருந்து தாராவிக்குப் போக குர்லாவில் ஹார்பர் லைனை விட்டு இறங்கி, மேம்பாலம் ஏறி, மெயின் லைன் பிளாட்பாரத்துக்கு வந்து சயானுக்கு வண்டி பிடிக்க வேண்டும். லோக்கல் ரயில் ஒரு ஸ்டேஷனில் அரை நிமிடம் நின்றால் அதிகம். அன்று மேம்பாலத்தில் குழந்தையை மருமகளும், வண்டியை மகனும், பையை ஆச்சியும் தூக்கினார்கள். ஆச்சி பையைத் தூக்கியிருக்கக் கூடாது. மறுநாள் அவர் படுக்கையை விட்டு எழவில்லை.

சித்திரையில் ஊரில் அம்மன் கோயில் கொடை. இரண்டு இரவும் ஒரு பகலும் ரயில், அங்கிருந்து பஸ். லேசான வண்டி ஒன்று இல்லாமல் இந்தப் பயணம் நடக்காது என்று தீர்மானித்து, மார்ச் மாதக் கடைசியில் நால்வரும் வாஷியில் இருக்கும் மால் ஒன்றுக்குப் போனார்கள்.

கடையில் எல்லா வண்டியும் நன்றாகவே ஓடும். பளிங்குத் தரையில், உள்ளே பிள்ளை இல்லாமல், ஒரு விரலால் தள்ளினால் ஓடாமல் என்ன செய்யும்? மருமகள் செய்த காரியம் விற்பனைப் பையனுக்குப் பிடிக்கவில்லை. கீழ்த்தளத்து சூப்பர் மார்க்கெட்டில் ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டு வாங்கி வந்து ஒவ்வொரு வண்டியிலும் வைத்தாள். கடை வாசலில் இருந்த சிறு மேட்டில் ஏற்றி இறக்கினாள். பத்துக் கிலோ ஏறியதும் சில வண்டிகளின் முன்சக்கரம் திணறித் திரும்பிக்கொண்டது. பேவர் பிளாக் பெயர்ந்து கிடக்கும் மும்பை நடைபாதையில் அந்தச் சக்கரம் என்ன பாடுபடும் என்று தெரிந்துவிட்டது.

கடைசியில் மூன்று மிஞ்சின. முதலாவது பெட்டி மாதிரி மடங்குவது, ஆறு கிலோ. மடித்தால் விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் பெட்டியறைக்குள் போய்விடும் என்றான் பையன். 2012இல் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி கொண்டுவந்த யோயோ வண்டிக்குப் பிறகு இந்த ரகம் பெருகிவிட்டது. விமானத்தில் அடிக்கடி பறக்கிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையின் வண்டியைப் பெரும்பாலான விமானக் கம்பெனிகள் தனிக் கட்டணம் இல்லாமல் ஏற்றிக்கொள்கின்றன. இரண்டாவது, மக்ளாரன் வழியில் வந்த குடை மடிப்பு. ஐந்து கிலோதான். நீளமாக, ஒல்லியாக மடங்குவதால் ரயிலில் கீழ்ப் பெர்த்துக்கு அடியில் செருகிவிடலாம். ஆனால் கைப்பிடி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு கையில் குடையோ காய்கறிப் பையோ இருந்தால் மறு கையால் நேராகத் தள்ள முடியாது. நெருளில் நான்கு மாதம் மழை. மூன்றாவது வண்டி ஏழு கிலோவுக்குச் சற்று அதிகம். கைப்பிடி குறுக்கே ஒரே கம்பி. இருக்கையின் நடுவில் இருக்கும் நாடாவை இழுத்தால் மடங்கிவிடும்.

மகனுக்கு முதலாவது பிடித்தது. மருமகளுக்கு இரண்டாவது. ஆச்சி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அத்தை, நீங்க ஒருதரம் மடிச்சுப் பாருங்க" என்று மருமகள் கூப்பிட்டதும்தான், இது தனக்கு வாங்கும் வண்டி என்பதே அவருக்கு உறைத்ததுபோல இருந்தது.

முதல் வண்டியில் ஒரே நேரத்தில் இரண்டு பித்தான்களை அழுத்த வேண்டும். ஆச்சியின் கட்டைவிரல் மூட்டு வீங்கியது, அழுத்தவில்லை. இரண்டாவதில் கீழே இருக்கும் பூட்டைக் காலால் தட்ட வேண்டும். செருப்புக் காலால் இரண்டு முறை முயன்று, நிலைதடுமாறி, மகனின் தோளைப் பிடித்தார். மூன்றாவதின் நாடாவை இழுத்தார். வண்டி மடங்கிக் காலடியில் உட்கார்ந்தது. ஆச்சி சிரித்தார். விலை எட்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே. எடை குறைந்ததைத் தேடிப் போனவர்கள் மூன்றில் கனமானதை வாங்கி வந்தார்கள். ஆனால் அந்த வண்டியை அவர் தூக்கப்போவதில்லை, திறந்து மூடித் தள்ளத்தான் போகிறார் என்பது தெளிவான பிறகு வேறு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருக்கை தாழ்வாக இருந்ததால் பேத்தி தானே ஏறி உட்கார்ந்துகொண்டாள். அது எடையைவிடப் பெரிய லாபம். இப்போது வண்டி, கீழே மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு நிற்கிறது.

லேசான வண்டிக்கென்று சில ஆபத்துகள் உண்டு. விற்பவர்கள் அவற்றைச் சொல்வதில்லை. கைப்பிடியில் கனமான பையை மாட்டிவிட்டுப் பிள்ளையை இறக்கினால் வண்டி பின்னால் சாயும். பிள்ளை உள்ளே இருக்கும்போதே சாய்ந்ததும் உண்டு. மடிப்பு மூட்டு இன்னொன்று. 2009 நவம்பரில் மக்ளாரன் கம்பெனியே அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்கு மூட்டு உறை வழங்க வேண்டி வந்தது. விரிக்கும்போது மூட்டில் விரல் சிக்கி, பன்னிரண்டு குழந்தைகள் விரல்நுனியை இழந்திருந்தார்கள். வண்டியை விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்பது அந்த வீட்டில் இப்போது சட்டம்.

ரயில் பிளாட்பாரம் மூன்றாவது. 2009 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், ஆஷ்பர்டன் ஸ்டேஷனில், தாய் ஒரு கணம் கையை எடுத்தபோது வண்டி தானாக உருண்டு, வந்துகொண்டிருந்த ரயிலின் முன் தண்டவாளத்தில் விழுந்தது. குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. உள்ளே வாரில் கட்டப்பட்டிருந்தது. பிளாட்பாரத்தில் நின்றதும் பிரேக்கை மிதிப்பது, வண்டியைத் தண்டவாளத்துக்கு இணையாகத் திருப்பி நிறுத்துவது, பிள்ளைக்குத் தோளோடு சேர்த்து வார் போடுவது ஆகிய மூன்றையும் மருமகள் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆச்சி ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். இப்போது பிரேக் போட மறக்கும் மகனை அதட்டுகிறவர் அவர்தான். லோக்கல் ரயிலில் ஏறும் முன் பிள்ளையை எடுத்து வண்டியை மடித்துவிட வேண்டும் என்பதிலும் அவர் கறார். விரித்த வண்டியோடு ஏற முயல்வது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் நல்லதல்ல.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று வண்டி வந்த இரண்டாவது வாரம் நடந்தது. ஏரிக்கரைப் பூங்காவைச் சுற்றிப் பேத்தியோடு ஆச்சி அரை மணி நேரம் நடந்துவிட்டு வந்தார். முதுகு நொறுங்கியதிலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடந்தவரில்லை. குறுக்குக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, நிதானமாக வந்ததைப் பால்கனியிலிருந்து மருமகள் பார்த்தாள். கைத்தடி வேண்டாம் என்று எட்டு மாதமாக அடம்பிடித்தவரின் கையில் ஒரு கைத்தடி வந்து சேர்ந்திருந்தது. அதை யாரும் கைத்தடி என்று சொல்ல மாட்டார்கள். பேத்தியை உலாவக் கூட்டிப்போகும் ஆச்சி என்றுதான் சொல்வார்கள். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மருமகளுக்கு ஒரு பயம் வந்தது. பிள்ளை உட்கார்ந்திருந்தால் வண்டி நிலையாக இருக்கும். காலி வண்டியில் சாய்ந்தால் அது முன்னே ஓடிவிடும், ஆள் விழுந்துவிடும். காலியாகத் தள்ளுவதென்றால் கீழ்க்கூடையில் கனம் ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று மகனைவிட்டுச் சொல்லவைத்தாள். ஆச்சி "ம்" என்றார்.

கொடைக்குப் போனார்கள். கல்யாணில் ரயில் ஏறியபோது வண்டி மகனின் தோளில் இருந்தது. கீழ்ப் பெர்த்துக்கு அடியில் சூட்கேஸுக்கும் பிளாஸ்க் பைக்கும் நடுவில் சரியாகப் பொருந்தியது. திருநெல்வேலி ஸ்டேஷனில் ஆச்சியே நாடாவைப் பிடித்து விரித்தார். கிராமத்தில் அதற்கு வேலையே இல்லாமல் போயிற்று. பெரியம்மா, சித்தி, அத்தை, எதிர்வீட்டுப் பெண் என்று பேத்திக்கு அங்கே இடுப்புக்குப் பஞ்சமில்லை. மூன்று நாளும் அவள் கால் தரையில் படவில்லை.

கொடை முடிந்த மறுநாள் காலை, கோயிலிலிருந்து வீட்டுக்கு வரும் தெருவில் ஆச்சி நிமிர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். திண்ணையில் இருந்த ஒருத்தி, "என்ன மதினி, பம்பாய் வண்டியா?" என்று கேட்டாள்.

"பேத்திக்கு வாங்குனது" என்றார் ஆச்சி. பேத்தி அரைத்தெரு முன்னால் யார் இடுப்பிலோ போய்க்கொண்டிருந்தாள். வண்டியின் கீழ்க்கூடையில் ஏழெட்டுத் தேங்காய் இருந்தன.