அடங்கத் தெரிந்த அழற்சி

கணைய அழற்சி என்றதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பீங்களா?" இல்லை என்றேன். வார்டில் நர்ஸ் கேட்டார். பார்க்க வந்த மாமாவும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். பித்தப்பைக் கல் நழுவி வழியை அடைத்ததுதான் காரணம் என்று ஸ்கேன் சொன்னபோது, வலியையும் மீறி ஒரு நிம்மதி. மானம் தப்பியது.

பக்கத்துப் படுக்கைக்காரர் குடிப்பவர். வலி இருவருக்கும் ஒன்றுதான்: மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைக்கும், மல்லாந்து படுக்க விடாது. என் ரத்தத்தில் அமைலேஸ் என்ற செரிமான நொதி இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவருக்கு அதில் பாதிகூட இல்லை. ஆனால் நான் இட்லி சாப்பிடத் தொடங்கிய நேரத்தில், அவர் மூச்சு வாங்கி ஐ.சி.யூ.வுக்குப் போனார். குடித்தார், அனுபவிக்கிறார் என்று எனக்குள் ஓடியதை மறைக்கப் போவதில்லை.

"அமைலேஸ் நோய் இருக்குன்னு சொல்லும் சார், எவ்வளவு மோசம்னு சொல்லாது" என்றார் ட்யூட்டி டாக்டர். மோசத்தை உறுப்புகளை வைத்துத்தான் அளக்கிறார்கள். நுரையீரலோ சிறுநீரகமோ ரத்த ஓட்டமோ தளர்ந்து, 48 மணி நேரத்துக்கு மேலும் மீளாவிட்டால் அது தீவிர வகை என்கிறது, 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்பாடு.

தொடக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான். குடலுக்குப் போனபின் விழிக்க வேண்டிய டிரிப்சின் என்ற நொதி கணையத்துக்குள்ளேயே விழித்துவிடுகிறது. கணையம் தன்னைத்தானே செரிக்கிறது என்று நோயியலாளர் ஹான்ஸ் கியாரி 1896இலேயே சொல்லிவிட்டார். சிதைந்த செல்கள் கொட்டுவதைக் கண்டு வெள்ளையணுக்கள் குவிகின்றன, இன்டர்லூக்கின்-6 போன்ற, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருகுகின்றன. எனக்கு அழற்சி அதோடு அடங்கியது. அவருக்கு ரத்தத்தில் கலந்து, உடம்பெங்கும் நுண்குழாய்களைக் கசியவிட்டு, நுரையீரலில் நீர் கோக்க வைத்தது. இத்தனைக்கும் அங்கே ஒரு கிருமிகூட இல்லை! ஆன்டிபயாடிக் ஏன் போடவில்லை என்று என் மனைவி சண்டை பிடித்தது வீண்தான்.

கிருமி பெரும்பாலும் பிறகுதான் வருகிறது. கொதித்த எதிர்ப்புச் சக்தி சோர்ந்து படுத்துவிடும். சில சமயம் கொதிப்பும் சோர்வும் சேர்ந்தே தொடங்கும். குடல் பாக்டீரியா சுவரைக் கடந்து, செத்த திசுவில் குடியேறும். அவருக்கு இரண்டாம் வாரம் காய்ச்சல் வந்தது அப்படித்தான்.

குடியா கல்லா என்பதை மட்டும் வைத்து யாருக்குத் தீவிரமாகும் என்று சொல்லிவிட முடியாது. உடற்பருமன் ஆபத்தைக் கூட்டும். அந்தக் கணக்கில் அவரை நான் முந்தியிருக்க வேண்டும். கொதிப்பை அடக்க மருந்து தேடாமலும் இல்லை; லெக்சிபாஃபன்ட் என்ற ஒன்றை நம்பினார்கள், 2001இல் வெளியான பெரிய ஆய்வில் அது கைகொடுக்கவில்லை.

டிஸ்சார்ஜ் அன்று அவர் மனைவி என்னிடம் வந்தார். "உங்களுக்கும் இதே நோய்தானேண்ணே, என்ன மருந்து குடுத்தாங்க?"

அதே டிரிப்ஸ், அதே வலி ஊசிதான் என்றேன். அவர் நம்பவில்லை.