மாமா கேட்ட ஒரே கேள்வி

கெமிஸ்ட்ரி பதிவுன்னு பாதியில ஓடிடாதீங்க மக்களே, இது எங்க மாமா கதையும்தான்.

எனக்கு ஊர் அனுப்பம்பட்டு. மாமா பழவேற்காட்டு ஏரியில வலை போடுறவர். ஒருநாள் கேட்டார்: "ஏன் மாப்ள, இன்ஜின் ஆயில் பட்ட கைய வீட்டுத் தண்ணியில கழுவுனா போயிடுது. வெயில் காலத்துல ஏரித் தண்ணியில கழுவுனா சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது. ஒரே சோப்புதானே?"

ஒரு காரணம் சுலபம். உப்புத் தண்ணியில இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடிச்சு வெள்ளைக் கசடா ஆக்கிடும். ஆனா விஷயம் அதோட முடியல.

எண்ணெயும் தண்ணியும் சந்திக்கிற இடத்துல ஒரு இழுவிசை இருக்கு. சுத்தமான ஹெக்ஸேன் மாதிரி எண்ணெய்க்கு அது மீட்டருக்குச் சுமார் 50 மில்லிநியூட்டன். சோப்பு மாதிரியான சர்ஃபாக்டன்ட் நடுவுல போய் உக்காந்து அதைக் குறைக்கும். எவ்வளவு குறைக்கும்ங்கிறது, அது எந்தப் பக்கம் சாயுதுங்கிறதைப் பொறுத்தது. அயனி வகை சர்ஃபாக்டன்ட்டை எடுத்துக்கிட்டா, உப்பு குறைவா இருக்கும்போது அது தண்ணியோட இருக்கும். உப்பு அதிகமானா எண்ணெய்ப் பக்கம் தாவிடும். ரெண்டுக்கும் நடுவுல சரியான உப்பு அமைஞ்சா, சோதனைக் குழாயில எண்ணெய்க்கும் தண்ணிக்கும் இடையில மூணாவதா ஒரு அடுக்கு தெரியும். அதுல ரெண்டுமே கலந்து நிக்கும். அந்த இடத்துலதான் இழுவிசை அடிமட்டத்துக்கு, 0.001 வரைக்கும்கூட இறங்கும். இந்த மூணு நிலைகளையும் வகைப்படுத்தினவர் வின்சர், 1948-ல.

இதைப் படிச்ச ஜோர்ல இருந்தப்பதான் 2023 டிசம்பர் வந்துச்சு. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் கழிமுகத்துல இறங்கிச்சு. மீனவங்க படகுல போய் மக்குலயும் கையாலயும் அள்ளினாங்க. 2017 ஜனவரியில ரெண்டு கப்பல் மோதினப்பவும் இதே வாளிதான். எனக்கு எரிச்சலா வந்துச்சு. "மாமா, இந்த காலத்துல மக்கா? சரியான சர்ஃபாக்டன்ட்டை ஊத்தினா எண்ணெய் கரைஞ்சே போயிடும்"னு அளந்து விட்டேன்.

மாமா கேட்டார், "கரைஞ்சு எங்க போவும்?"

பதில் வரல. இழுவிசை குறைஞ்சா எண்ணெய் காணாமப் போறதில்ல. சின்னச் சின்னத் துளியா உடைஞ்சு தண்ணிக்குள்ள இறங்கும். ஆழ்கடல்னா பரவி நீர்த்துப் போகும், நுண்ணுயிர் தின்னவும் வாய்ப்பு உண்டு. இடுப்பளவுத் தண்ணியில இறால் குஞ்சு எங்க ஒதுங்கும்?

யோசிச்சா, அந்த இழுவிசைதான் அன்னிக்கு அவங்களுக்குத் துணை. எண்ணெய் தண்ணியோட சேராம ஒதுங்கி மிதந்ததாலதான் மக்குல அள்ள முடிஞ்சுது.

வலையைக் கரைக்கு எடுத்துட்டு வந்து கழுவ சோப்பு வேணும். கழிமுகத்துக்குள்ள ஊத்த வேணாம். குழாய்க்குள்ள மூணாவது அடுக்கைப் பார்த்த எனக்கு, தண்ணிக்குள்ள இருக்குற இறாலைக் காட்டினது மாமாதான் :-)