பொதுச்சுவர் ரொட்டி

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் டிரான்ஸ்பர் ரோட்டு மாலியா பேக்கரிக்கு ரொட்டி பெங்காலி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முதுகைத்தான் பார்க்கிறார்கள். உப்பி எழுந்து பழுப்பேறிய மேல்தோல் கண்ணைப் பறிக்கும்தான். நான் பார்க்கச் சொல்வது ரொட்டியின் விலாவை. அங்கே தோலே இல்லை. வெளுத்து, நூல் நூலாக, பஞ்சைப் பிய்த்தது போல இருக்கும். பக்கத்து ரொட்டியோடு ஒட்டிச் சுட்டுப் பிறகு பிய்த்தெடுத்த தழும்பு அது. இந்திய முஸ்லிம்கள் 1928இல் தொடங்கிய கடை இது. இந்த ரொட்டியில் பாலும் வெண்ணெயும் சர்க்கரையும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனாலும் உள்ளே அத்தனை மென்மை. வீட்டில் இனிப்பு ரொட்டி சுடுகிறவர்கள் இந்தத் தழும்பைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. மலேசிய வீடுகளில் 'ரொத்தி பாவுன்' என்றும், இந்தோனேசியாவில் 'ரொத்தி சோபெக்', அதாவது கிழிக்கும் ரொட்டி, என்றும் சொல்லப்படும் அந்தப் பிய்ப்பு ரொட்டியின் மென்மை சேர்மானத்தில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி உருண்டைகளை அடுக்கும் விதத்தில் இருக்கிறது.

காரணம் எளியது. மாவுக்குள் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. ஓவன் காற்று படும் மேற்பரப்பில் மட்டும் ஈரம் வற்றி, சூடு ஏறி, நிறம் பிடித்துத் தோலாகிறது. இரண்டு உருண்டைகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஆவி வெளியேற வழியில்லை. அந்தச் சுவர் சுடப்படுவதைவிட அவிக்கப்படுகிறது என்பதே சரி. அந்த அளவில் அது இட்லிக்கு உறவு. டிரான்ஸ்பர் ரோட்டைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகளைப் பாருங்கள். வரிசையில் நடுவே இருக்கும் வீட்டுக்கு இரண்டு பக்கமும் பொதுச்சுவர், வெயில் முகப்பிலும் கூரையிலும்தான். முனைவீடு மட்டும் கூடுதலாக ஒரு பக்கம் காயும். தட்டில் அடுக்கிய உருண்டைகளின் நிலையும் இதுதான்.

இதற்கு ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டாம், ஒரே தட்டு போதும். ஐந்நூறு கிராம் ரொட்டி மாவு, அறுபது கிராம் சர்க்கரை, அறுபது கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, பால், ஈஸ்ட், உப்பு சேர்த்துப் பிசைந்தால் அறுபது கிராம் எடையில் ஏறக்குறைய பதினாறு உருண்டைகள் வரும். இருபத்து மூன்று சென்டிமீட்டர் சதுரத் தட்டில் நாலுக்கு நாலாக, இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தால், உப்பும்போது தாமாகவே கை கோத்துக்கொள்ளும். இந்தப் பதினாறில் நான்கு நடுவில் இருக்கும், நாலு பக்கமும் அண்டைவீட்டுக்காரர்கள். நான்கு மூலையில் இருக்கும், இரண்டு பக்கம் தகரம். ஒரே மாவு, ஒரே சர்க்கரை, ஒரே ஓவன். ஆனாலும் நடு உருண்டையையும் மூலை உருண்டையையும் பிய்த்து வாயில் போட்டால் இரண்டும் ஒன்றல்ல என்பது தெரிந்துவிடும். சேர்மானம் மட்டுமே மென்மை தரும் என்றால் இந்த வேறுபாடு வரக் காரணமில்லை.

பேக்கரிக்காரர்கள் மென்மையை நினைத்து இதைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். நெருக்கி அடுக்கினால் ஒரே சூட்டில் கூடுதல் ரொட்டி வெந்துவிடும், விறகும் நேரமும் மிச்சம். ஓவன் தரை என்பது கடைக்குக் காசு. மும்பையில் பலகை பலகையாகச் சுட்டுப் பிய்த்துத் தரும் லாதி பாவின் விலாவும் இதே தழும்பைக் காட்டும். சிக்கனத்திலிருந்து பிறந்த ருசி என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் நெருக்கி அடுக்குவது சும்மா வராது. அதற்குத் தொழிலாளியின் கை வேண்டும். மேசையில் மாவை வெட்டி, தராசில் போட்டு, உள்ளங்கையைக் கவிழ்த்து வட்டமாக ஓட்டி, மடிப்பைக் கீழே தள்ளி முடிப்பது கணநேர வேலை. அந்தக் கணத்தில் மேற்புறம் இறுகவில்லையென்றால் உருண்டை மேலே எழாமல் பக்கத்தில் சரிந்து அடுத்தவன் இடத்தைப் பிடிக்கும். ஒன்று பத்து கிராம் கூடினாலும் வரிசை கோணும். வீட்டில் சுடுகிறவர்கள் கண்ணளவில் பிய்த்துப் போட்டுவிட்டு மாவைக் குறை சொல்கிறார்கள். குறை தராசை எடுக்காததில் இருக்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 'பெங்காலி' என்றதும் வங்காளத்தை நினைப்பார்கள். மலேசியாவில் சீக்கியரையே பெங்காலி என்று அழைக்கும் பழக்கமும் இருப்பதால் இன்னொரு குழப்பம். பினாங்கில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம் வேறு: பங்கு போட்டு நடத்திய கடை, ஆகவே 'பங்காளி' ரொட்டி, மலாய் நாவில் பெங்காலி ஆயிற்று. பகரத்துக்கு ஒரே எழுத்தை வைத்திருக்கும் நாம் இதை நம்புவது எளிது. சொல்லாராய்ச்சிக்காரர்கள் ஆதாரம் கேட்பார்கள், கேட்கட்டும். சொந்த ஊரில் பங்காளி என்றாலே வரப்புத் தகராறுதான் நினைவுக்கு வரும் என்பது வேறு விஷயம். சுவரைப் பகிர்ந்துகொண்டு வெந்த ரொட்டிக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தோன்றவில்லை.

மென்மையில் பாதி அடுக்கில் என்ற என் கட்சிக்கு மறுப்புகள் உண்டு. சர்க்கரையும் வெண்ணெயும் மென்மை தரவில்லையா என்று கேட்பார்கள். தருகின்றன, மறுக்கவில்லை. சர்க்கரை ஈரத்தைப் பிடித்துவைக்கும், வெண்ணெய் மாவின் இழைகளைக் குட்டையாக்கும். ஆனால் சர்க்கரை மாவெடையில் நூற்றுக்குப் பத்தைத் தாண்டத் தாண்ட ஈஸ்ட் திணறத் தொடங்கும். என் கணக்கிலேயே அது பன்னிரண்டு. இருபதுக்குப் போகிறவர்கள் உப்புவதற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், அல்லது இனிப்பு மாவுக்கென்று விற்கும் ஈஸ்ட் வாங்க வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. நெருக்கி அடுக்கிய தட்டின் நடுப்பகுதிக்குச் சூடு மெதுவாகத்தான் போகும், சர்க்கரையோ மேற்புறத்தைச் சீக்கிரம் கறுக்கவைக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. மேலே நல்ல நிறம், நடுவில் பச்சை மாவு என்ற வழக்கமான புலம்பல் இங்கிருந்துதான் வருகிறது. இனிப்பு வேண்டுமென்றால் அதை மாவுக்குள் திணிப்பதைவிடக் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாமாகவோ குலா மெலாக்கா என்ற தென்னைவெல்லத்தில் கிளறிய தேங்காய்ப் பூரணமாகவோ உருண்டைக்குள் வைப்பது நல்லது. சூட்டை 170 டிகிரியில் வைத்து, மேலே நிறம் பிடித்ததும் அலுமினியத் தாளால் மூடி, நடு உருண்டையின் உள்சூடு 90 டிகிரியைத் தொட்ட பிறகே எடுக்க வேண்டும்.

மாவில் ஒரு பங்கை ஐந்து பங்கு நீரில் 65 டிகிரிவரை கிளறிக் கூழாக்கிச் சேர்க்கும் முறை இருக்கிறதே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. 2007இல் தைவானில் வந்த ஒரு நூலுக்குப் பிறகு கிழக்காசிய வீடுகளெங்கும் பரவிய முறை அது. நல்ல முறைதான், மூன்றாம் நாளும் ரொட்டி காயாமல் இருக்கும். ஆனால் கூழ் சேர்த்த உருண்டையைத் தனியாகச் சுட்டாலும் அதைச் சுற்றித் தோல் கட்டத்தான் செய்யும். உருண்டைகளை உருக்கிய வெண்ணெயிலும் சர்க்கரையிலும் புரட்டி அடுக்கும் அமெரிக்க 'மங்கி பிரெட்' பற்றியும் சொல்வார்கள். அது சுலபமாகப் பிரியும். பிரிவதற்காகவே வெண்ணெய் பூசப்படுகிறது. இழை விட்டுக் கிழியும் சுகம் அதில் கிடையாது. நான் பூசாத கட்சி.

பினாங்கில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. குளிர்நாட்டுக் குறிப்புகள் "ஒரு மணி நேரம் உப்ப விடு" என்று எழுதும். முப்பது டிகிரி சமையலறையில் அதற்கு வெகு முன்பே மாவு தயாராகிவிடும். இரண்டாம் தடவை உப்பும்போது விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, குழி மெதுவாகப் பாதி நிரம்பும் நேரத்தில் ஓவனுக்குள் தள்ளிவிட வேண்டும். தாமதித்தால் உருண்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, பிய்க்கச் சுவரே இல்லாமல் ஒரே மெத்தையாகிவிடும். வெந்த பிறகும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். ஆவி அடங்காமல் பிய்த்தால் சுவர் இழையாகப் பிரியாமல் களியாக நசுங்கும். அதன் பிறகு கத்தி வேண்டாம். கத்தி வெட்டிய பரப்பில் காயா வழுக்கும். பிய்த்த பக்கத்தின் இழைகளுக்குள் அது இறங்கி உட்கார்ந்துகொள்ளும்.